கோடியக்கரை: உங்கள் கேள்விகள்

வலசைப் பருவம் வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கோடியக்கரையைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துவிட்டோம். இந்த இதழின் பக்கங்கள் முழுக்க அந்தச் சரணாலயத்துக்கே.

கே: டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு போயிருந்தோம். சதுப்பு முழுக்கத் தண்ணீர். பறவைகளோ எட்டாத தூரத்தில் புள்ளி புள்ளியாக. அதுதான் சீசன் என்றார்களே? (வாசகர், கும்பகோணம்)

ப: பறவை காலண்டரைப் பார்த்து இறங்குவதில்லை, தண்ணீர் மட்டத்தைப் பார்த்து இறங்குகிறது. சேற்றில் இரை தேடும் சின்னப் பறவையான கொசு உள்ளானுக்கு முட்டிக்குக் கீழே கால் 2 செ.மீ.தான். பவளக்காலிக்கு 5 செ.மீ. அளவில், கருவால் மூக்கனுக்கு 7, 8 செ.மீ. வரை. அதற்கு மேல் தண்ணீர் நின்றால் சேற்றில் எவ்வளவு புழு இருந்தும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்தால் வேதாரண்யம் சதுப்பில் மட்டம் ஏறிவிடும். சின்ன உள்ளான்கள் உப்பளப் பாத்திகளுக்கும் கடலோரச் சேற்றுக்கும் ஒதுங்கிவிடும். நீங்கள் போன வாரம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பெருமழை ஓய்ந்து மூன்று வாரமாவது போகட்டும். ஓரங்களில் சேறு வெளிப்பட்டுப் பளபளக்கும்போது கிளம்புங்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அது ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. மழை ஏமாற்றிய ஆண்டில் நவம்பர் முடிவதற்குள்ளேயே கூட்டம் கூடிவிடும், சீக்கிரமே கலைந்தும்விடும். கிளம்பும் முன் வேதாரண்யம் பக்கம் யாரிடமாவது மழை நிலவரம் கேட்டுக்கொள்வது விடுதியில் அறை பதிவு செய்வதைவிட முக்கியம்.

ஓதம் (கடலின் ஏற்ற வற்றம்) பார்த்துப் போகலாமா என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். பாக் நீரிணைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 1 மீட்டர்கூட வித்தியாசம் இருக்காது. அதைவிடக் காற்றுதான் தண்ணீரை நகர்த்துகிறது. வாடை பலமாக அடித்தால் ஆழமற்ற சதுப்பில் தண்ணீர் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும், காற்று வரும் பக்கத்தில் சேறு தலைகாட்டும். பறவைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள். காலை 9 மணிக்கு மேல் சேற்றிலிருந்து எழும் அனல் அலையில் எந்தத் தொலைநோக்கியிலும் உருவம் நெளியும், விலை உயர்ந்ததை வாங்கியும் அது மாறாது. கைத்தொலைநோக்கி என்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10×42 அளவில் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். உள்ளான் வகைகளைப் பிரித்தறியும் ஆசை வந்துவிட்டால் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இல்லாமல் முடியாது.

கே: ரயிலில் போக முடியுமா? (திருச்சி)

ப: திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கி.மீ. அகலப்பாதையில் 2023 ஏப்ரல் முதல் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து பேருந்து அல்லது ஆட்டோ. ஆனால் வண்டி நேரம் பறவை பார்க்கும் நேரத்தோடு ஒத்துவராது. விடிவதற்குள் சதுப்போரம் நிற்க வேண்டும் என்பவர்கள் முந்தைய இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து கோடியக்கரை 10 கி.மீ. சொச்சம். காட்டுக்குள் நுழைவதற்கு வனச்சரக அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.

கே: பூநாரை எல்லாமே ஒரே இனம்தானே? சிலது வெள்ளையாகவும் சிலது அழுக்காகவும் தெரிகிறதே. உப்பளங்கள் வந்ததால்தான் அவை குறைந்தன என்கிறார்களே, உண்மையா? (ஆசிரியை, மன்னார்குடி)

ப: இரண்டு இனங்கள். அதிகம் கண்ணில் படுவது பெரும் பூநாரை. நின்றால் 120 முதல் 145 செ.மீ. உயரம், வெளிறிய உடல், இளஞ்சிவப்பு அலகு, அலகு நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை 80, 90 செ.மீ.தான். அதன் அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும். தனியாக நிற்கும் பறவையின் உயரத்தை வைத்து ஏமாறாதவர் இல்லை, அலகைப் பாருங்கள். அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தவை குஞ்சுப் பருவம் தாண்டாத இளம் பறவைகள். இரையிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் சிவப்பேறும். அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

இரண்டும் ஒரே குட்டையில் சண்டையில்லாமல் மேய்வதற்குக் காரணம் அலகுக்குள் இருக்கும் சல்லடை. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்து, நாக்கை உந்துகுழாய் போல முன்னும் பின்னும் இயக்கித் தண்ணீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகின்றன. பெரியதன் சல்லடைக் கண்கள் அகலம்: உப்புநீர் இறால், ஈக்களின் புழு, சிறு நத்தை தங்கும். சிறியதன் சல்லடை மிக நெருக்கம்: கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி தங்கும். ஒரே இடத்தில் நின்று காலை மாற்றி மாற்றி மிதித்துச் சுழல்வதையும் பார்த்திருப்பீர்கள். அது சேற்றைக் கிளப்பி இரையை மேலே கொண்டுவரும் வேலை. பறவை போன பிறகு அந்த இடத்தில் வட்டமாக ஒரு பள்ளமும் நடுவே சின்ன மேடும் நிற்கும்.

உப்பளத்தைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு சொல்ல மாட்டோம். பாத்திக்குப் பாத்தி கதை வேறு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு. நீரை முதலில் தேக்கும் பெரிய பாத்தியில் உப்பு கிட்டத்தட்ட அவ்வளவே இருக்கும். மீன் இருக்கும், ஆகவே கூழைக்கடாவும் ஆலாவும் வரும். அடுத்தடுத்த பாத்திகளில் வெயிலில் சுண்டி மும்மடங்காகும்போது மீன் அநேகமாகத் தாங்காது. தின்ன மீன் இல்லாததால் அங்கே உப்புநீர் இறால் பெருகும், பூநாரைக்கு விருந்து. கடைசியில் உப்பு விளையும் பாத்தியில், அளத்துக்காரர்கள் 25 டிகிரி என்று சொல்லும் அடர்த்தியில், எந்தப் பறவைக்கும் இரை இல்லை. வரப்பில் நின்று இறகு கோதிக்கொள்ள மட்டும் வரும்.

சிக்கல் இரண்டு இடத்தில். இயற்கைச் சதுப்பில் மழைக்காலம் நன்னீர், மார்கழி கழிந்து மிதமான உப்பு, சித்திரையில் கடும் உப்பு என்று ஆண்டுக்குள் ஒரு சுற்று நடக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டம் புழு பூச்சி, ஒரு கூட்டம் பறவை. அளத்தில் அந்தச் சுற்று கிடையாது. ஆண்டு முழுக்க ஒரு பாத்திக்கு ஒரு உப்புதான். இரண்டாவது, ஆறுகளிலிருந்து சதுப்புக்கு வந்துகொண்டிருந்த நன்னீரின் அளவு. காவிரிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத ஆண்டில் சதுப்புக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பழியை முழுக்க அளத்தின் தலையில் வைப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கே: சரணாலயம், ராம்சார் தலம் இரண்டும் ஒன்றுதானா? (போட்டித் தேர்வு எழுதும் வாசகர், நாகப்பட்டினம்)

ப: இல்லை. சரணாலயம் 1967-இல் வெளிமானுக்காக அறிவிக்கப்பட்டது, அப்போது 17.26 சதுர கி.மீ. அதற்கு இன்றைய சட்டப் பாதுகாப்பு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். ராம்சார் என்பது ஈரானில் அந்தப் பெயருள்ள ஊரில் 1971-இல் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம். அதன் பட்டியலில் கோடியக்கரை 2002 ஆகஸ்டில் சேர்ந்தது. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலம். பரப்பு 38,500 ஹெக்டேர். கோடியக்கரைக் காட்டோடு பஞ்சநதிக்குளம் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் இதில் அடங்கும். தேர்வில் 17.26-ஐயும் 385-ஐயும் குழப்பிவிடாதீர்கள். ஹெக்டேரை நூறால் வகுத்தால் சதுர கி.மீ.

கே: வெளிமானும் புள்ளிமானும் சேர்ந்து மேய்வதைப் பார்த்தோம். நடுவில் மட்டக்குதிரைகள். குதிரைகள் அங்கே எப்படி வந்தன? அவற்றால் மானுக்குக் கெடுதல் உண்டா? (பட்டுக்கோட்டை)

ப: அவை வளர்ப்புக் குதிரைகளின் வாரிசுகள், பல தலைமுறையாகக் காட்டிலேயே பெருகியவை. வனவுயிர்ச் சட்டத்தின் அட்டவணையில் அவற்றுக்கு இடமில்லை. வெளிமானோ மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கெடுதல் உண்டு, அதன் வழி புரிந்துகொள்ளத்தக்கது. மானுக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லை மேலே உள்ள கெட்டியான ஈறில் அழுத்திப் புல்லைப் பறித்து இழுக்கும். குதிரைக்கு மேலும் கீழும் பல் உண்டு, தரையோடு ஒட்ட நறுக்கிவிடும். அசைபோடாத விலங்கு என்பதால் உடல் எடைக்கு ஏற்ப அதிகம் தின்றும் தீர வேண்டும். வளர்ந்த வெளிமான் 30, 35 கிலோ. மட்டக்குதிரை அதைப்போல ஐந்தாறு மடங்கு. கோடையில் புல் கருகும்போது கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியிலும் குதிரைக் கூட்டம் நின்றால் மான் ஒதுங்கி நிற்கும்.

இன்னொன்று சாணம். குதிரை சீமைக்கருவேல நெற்றை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல், எருவோடு சேர்ந்து, புல்வெளியின் நடுவே போய் விழும். வெளிமானுக்குப் பிழைப்பே திறந்தவெளிதான். தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்ணால் பார்த்து, ஓடித் தப்பும் விலங்கு. முள்மரம் மறைத்தால் அந்த இடத்தை விட்டுவிடும். புல் அங்கே மிஞ்சியிருந்தாலும் வராது.

குதிரைகளைப் பிடித்து அப்புறப்படுத்துவதா, கருத்தடை செய்வதா என்ற விவாதம் நீளமானது. எங்கள் கருத்து: பயணிகளுக்குப் பிடிக்கிறது என்பது வைத்திருக்கப் போதுமான காரணமில்லை.

வெளிமானைக் கலைமான் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சங்க இலக்கியம் சொல்லும் இரலை இதுதான். ஆணுக்கு மட்டும் முறுக்குக் கொம்பு, பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. ஆண் கறுப்பேற மூன்று ஆண்டுகளாகும். தெற்கே உள்ள ஆண்கள் வடஇந்தியப் படங்களில் பார்ப்பதுபோல் மைக்கறுப்பாவது அபூர்வம். கோடையில் இன்னும் வெளிறிப் பழுப்பாகும். கண்ணுக்கு முன்னால் ஒரு பிளவு இருக்கும். ஆண் அதை விரித்து, புல் நுனியையோ குச்சியையோ அதற்குள் நுழைத்து, கறுப்பாக ஒரு பிசினைத் தடவிவிட்டுப் போகும். ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து மேடாகவும் கிடக்கும். இரண்டும் "இது என் எல்லை" என்பதற்கான அடையாளம். அதன்மேல் நடக்காதீர்கள்.

கே: புல்லுக்குள் மான்குட்டி தனியாகப் படுத்திருந்தது. தாயைக் காணோம். யாரிடம் ஒப்படைப்பது? (வேதாரண்யம்)

ப: யாரிடமும் வேண்டாம். வெளிமான் குட்டியைப் புல்லில் மறைத்துவிட்டுத்தான் மேயப் போகும், பாலூட்ட மட்டும் திரும்பி வரும். குட்டி அசையாமல் கிடப்பது பலவீனத்தால் அல்ல. நீங்கள் நிற்கும்வரை தாய் வராது. இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, நாய் எதுவும் பின்தொடராமல் பார்த்து, விலகிப் போங்கள். உடம்பில் காயம் தெரிந்தால் அல்லது மறுநாளும் அதே இடத்தில் துவண்டு கிடந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கே: எங்கள் மாந்தோப்பு சரணாலய எல்லைக்குப் பக்கத்தில். சீமைக்கருவேலத்தை வெட்ட வெட்டத் தழைக்கிறது. ஒழிக்க என்ன வழி? (விவசாயி, கோடியக்காடு பகுதி)

ப: வெட்டினால் தழைக்கத்தான் செய்யும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குக் கீழே ஒரு சாண் வரை, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. ஒரு தண்டை வெட்டினால் ஐந்து தண்டு கிளம்பும். அடுத்த முறை வெட்டுவது முன்னைவிடக் கடினம். தீ வைத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் மொட்டு சாகாது. அதோடு சரணாலய எல்லையில் தீ என்பது சட்டச் சிக்கல்.

மழை முடிந்து மண் நெகிழ்ந்திருக்கும் தை மாதத்தில் தொடங்குங்கள். மரத்தைச் சுற்றி 30 செ.மீ. ஆழம் தோண்டி, அந்த ஆழத்துக்கும் கீழே ஆணிவேரைத் துண்டியுங்கள். அதற்குக் கீழ் உள்ள வேர் தழைக்காது, விட்டுவிடலாம். பெரிய மரத்துக்கு இயந்திரம் தேவை. நெற்று முற்றி உதிர்வதற்கு முன் வேலை முடிய வேண்டும். உதிர்ந்துவிட்டால் கூட்டி அள்ளி, ஆடு மாடு வாய்வைக்க முடியாத இடத்தில் எரித்துவிடுங்கள்.

அதோடு முடிந்தது என்று இருந்தால் இரண்டு ஆண்டில் பழைய நிலை. மண்ணுக்குள் இருக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குப் பாய் விரித்ததுபோல் நாற்று வரும். விரல் உயரத்தில் கையால் பிடுங்கலாம். முழங்கால் உயரம் விட்டால் மறுபடி மண்வெட்டிதான். மூன்று மழைக்காலமாவது தொடர வேண்டும். வெறுந்தரையாகப் போட்டு வைக்காமல் பூவரசோ புங்கமோ வைத்து நிழல் உண்டாக்குங்கள், நிழலில் இதன் நாற்று சோர்ந்துவிடும். மணல்மேட்டில் இருக்கும் தோப்பென்றால் ஒரே மூச்சில் அத்தனையையும் பிடுங்காதீர்கள். காற்றுத்தடுப்பு போய் மணல் நகர ஆரம்பிக்கும். பட்டை பட்டையாக, மாற்று மரம் தலைதூக்கிய பிறகு அடுத்த பட்டை.

எல்லைக்கு உள்ளே இருப்பதில் கைவைக்க வேண்டாம். முள்மரமே ஆனாலும் சரணாலயத்திலிருந்து எதையும் வெட்டி எடுக்க 29-ஆவது பிரிவின்படி அனுமதி தேவை.

கே: கஜா புயலில் விழுந்த மரங்களை ஏன் அப்படியே விட்டார்கள்? (பலர்)

ப: 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரை கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். கோடியக்கரைக் காடு நேர்வழியில் இருந்தது. விழுந்த மரம் ஓணானுக்கும் பாம்புக்கும் புனுகுப்பூனைக்கும் வீடு, மட்கினால் மண்ணுக்கு உரம். இழுத்து வெளியேற்றினால் வண்டித் தடத்தில் மண் இறுகும். சாய்ந்த பாலை மரம் வேர் கொஞ்சம் மண்ணில் ஒட்டியிருந்தாலும் பக்கத்தில் துளிர்விடும். பாலை மிக மெதுவாக வளரும் மரம் என்பதால் அந்தத் துளிருக்கு மதிப்பு அதிகம். உண்மையான கவலை வேறு: மரம் விழுந்து வெயில் இறங்கிய இடைவெளியில் முதலில் முளைப்பது மேலே சொன்ன அதே சீமைக்கருவேலம்.

கே: இரவில் கடற்கரையில் ஆமை முட்டையிடுவதைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்? முட்டையைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவது நல்லதா? (கல்லூரி மாணவர்கள், திருவாரூர்)

ப: சித்தாமை, மீனவர்கள் பங்குனி ஆமை என்பது, நம் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏறும். மணலில் ஏறி வரும்போதும் குழி தோண்டும்போதும் சின்ன வெளிச்சமோ அசைவோ பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். டார்ச், செல்போன் எல்லாம் அணையுங்கள். தலைப்பக்கம் போகாமல் பின்னால், தூரத்தில், உட்கார்ந்திருங்கள். முட்டை விழத் தொடங்கிய பிறகு அது எளிதில் எழாது, ஆனாலும் படம் எடுக்கும் நேரம் அதுவல்ல. இடத்தை மட்டும் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இடம் மாற்றாமல் இருப்பதே சிறந்தது. நாய், நரி, காட்டுப்பன்றி தோண்டும் கரையில், அலை ஏறும் இடத்தில், அல்லது ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் வேறு வழியில்லை. அப்போது பயிற்சி பெற்றவர்கள் வனத்துறை மேற்பார்வையில் செய்கிறார்கள். கடல் ஆமைகள் எல்லாமே முதல் அட்டவணை விலங்குகள். ஆர்வத்தில் நீங்களாக முட்டையை எடுத்தால் அது குற்றம்.

பொரிப்பகத்தில் உதவ விரும்புவோர் கவனிக்க வேண்டியது இது. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், 6 மணி நேரத்துக்கு மேல் போகாமல், மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டையை உருட்டினால் அந்தப் பிடி அறுந்து கரு சாகும். வெளியே பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும், 50 நாள் காத்திருந்த பிறகுதான் தவறு தெரியும். பழைய குழியின் ஈரமணலில் ஒரு பங்கை முட்டைகளோடு எடுத்துக்கொள்வார்கள். புதிய குழி 45 செ.மீ. ஆழம், குடம் போல: கழுத்து குறுகல், அடி அகலம். நேர்க்குழியாகத் தோண்டினால் மேலே மணல் சரிந்து காற்று போகாது. குழிக்குக் குழி 1 மீட்டர் இடைவெளி. ஒரு குழியில் 100, 120 முட்டை. தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பலகை ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

45 முதல் 55 நாளில் பொரியும். மணல் சூடு 29 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். சூடு ஏறினால் பெண் மிகும், குறைந்தால் ஆண். பிப்ரவரிக் குழியும் ஏப்ரல் குழியும் ஒரே மாதிரி வெயிலில் கிடந்தால் ஏப்ரல் குழியில் அநேகமாக எல்லாமே பெண். இன்னும் ஏறினால் கரு வெந்துவிடும். அதனால்தான் சில பொரிப்பகங்களில் கடைசி வரிசைகளுக்கு மட்டும் ஓலை நிழல் போடுகிறார்கள்.

குஞ்சு வெளியே வந்தவுடன் விட்டுவிட வேண்டும். விருந்தினர் வரட்டும் என்று காலை 8 மணி வரை தொட்டித் தண்ணீரில் வைத்திருப்பது பெரிய தவறு. முதல் ஒரு நாள் நீந்துவதற்கென்று உடம்பில் இருக்கும் சக்தியைத் தொட்டிச் சுவரில் முட்டி முட்டித் தீர்த்துவிடும். இருட்டிலேயே, அலையிலிருந்து சில மீட்டர் தள்ளி மணலில் விடுங்கள், தானே நடந்து கடலேறட்டும். கரையோர விளக்குகள் எரிந்தால் கடல் பக்கம் போகாமல் விளக்கை நோக்கித் திரும்பும், ஏனென்றால் வெளிச்சமான அடிவானம்தான் அதற்குக் கடல்.

விசைப்படகு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆமை ஏறும் மாதங்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. ஆகவே இழுவலையில் மூச்சுமுட்டிச் சாவதைத் தடுக்க அந்தத் தடைக்காலம் அதிகம் உதவாது. கரையோரக் கடலில் இழுவலை வராமல் பார்ப்பதும், வலையில் ஆமை தப்பும் வாசல் வைப்பதும்தான் பயன் தரும்.

கே: முத்துப்பேட்டையில் மீன்முள் போல வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களே, எதற்கு? (தஞ்சாவூர்)

ப: காடு இறந்ததன் காரணத்தைத் தெரிந்துகொண்டு செய்த வேலை அது. பல பத்தாண்டுகள் அலையாத்தி மரத்தைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து விறகுக்கு வெட்டினார்கள். வெயில் நேரடியாகப் பட்டதும் களிமண்ணில் ஈரம் வற்றி, தரை சுருங்கி, தட்டுபோல் குழிந்தது. கடல்நீர் ஏறும்போது அதில் தேங்கும், வற்றும்போது வெளியேறாது. தேங்கியது வெயிலில் சுண்டி உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்த உப்பில் அலையாத்தி விதைகூட முளைக்காது. இப்படிப்பட்ட இடத்தில் கன்று நட்டு நட்டுத் தோற்ற பிறகுதான் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இந்த முறைக்கு வந்தார்கள். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் சுமார் 45 டிகிரி சாய்வில் கிளைகள். சாய்வாக இருப்பதால் நீர் வேகமிழக்காமல் ஏறி இறங்கும், தேக்கம் கலைந்து உப்பு கழுவப்படும். வாய்க்காலின் குறுக்குவெட்டு மேலே அகலம், கீழே குறுகல். விதையை அடியிலும் நடுவதில்லை, மேட்டிலும் நடுவதில்லை. சரிவின் நடுவில் ஊன்றுவார்கள்: ஏற்றத்தில் நனையும், வற்றத்தில் மூச்சு விடும்.

எங்கே தவறுகிறது? வண்டல். இரண்டு மூன்று ஆண்டில் வாய்க்கால் வாய் தூர்ந்துவிடும். தூர்வாரப் பணம் ஒதுக்காத திட்டத்தில் மரம் முழங்கால் உயரத்தோடு நின்றுபோகும். விண்ணிலிருந்து எடுத்த படத்தில் மீன்முள் அழகாகவே இருக்கும்.

கே: தில்லை மரத்தைத் தொட்டால் கண் போகுமா? (முத்துப்பேட்டை)

ப: தொட்டால் அல்ல, அதன் பால் கண்ணில் பட்டால். கிளை ஒடித்த கையோடு கண்ணைக் கசக்குவதுதான் வழக்கமான விபத்து. கசக்காமல் சுத்தமான தண்ணீரை 15, 20 நிமிடம் ஓடவிட்டுக் கழுவுங்கள், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விட வேண்டாம்.

கே: கோடியக்கரைக் கடலில் கடல்பசு தெரியுமா? (மாணவி, அதிராம்பட்டினம்)

ப: உங்கள் ஊர்க் கடல்தான் அதற்கு இடம். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கி.மீ. கடலை 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. ஆவுளியா (கடல்பசுவின் இன்னொரு பெயர்) ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும், ஆகவே புல் இல்லாத கடலில் தேடிப் பயனில்லை. சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சுவிடும். வலையில் சிக்கியது தெரிந்தால் முதலில் தலையை நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவாருங்கள், வலையைப் பிறகு அறுக்கலாம். கோடியக்கரையில் கடலில் முதுகு தெரிந்து மறைந்தால் அது ஓங்கிலாக (டால்பின்) இருக்கும்.

கே: காலில் உலோக வளையத்தோடு ஒரு உள்ளான் செத்துக் கிடந்தது. அதை வைத்துக்கொள்ளலாமா? (உப்பளத் தொழிலாளி, அகஸ்தியம்பள்ளி)

ப: வளையத்தில் உள்ள எண்ணை எழுத்து பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அவர்கள் வளையத்தில் தகவல் தரச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வேறு நாட்டு வளையம் என்றாலும் அவர்களுக்கே சொல்லலாம், உரியவர்களிடம் சேர்த்துவிடுவார்கள். எண், கண்டெடுத்த தேதி, இடம், பறவை செத்த நிலை ஆகிய நான்கும் வேண்டும். உயிருள்ள பறவை என்றால் வளையத்தைக் கழற்றக் கூடாது, எண்ணைப் படித்துவிட்டுப் பறக்கவிடுங்கள். அது கொசு உள்ளான் என்றால், 25 கிராம் அளவே உள்ள அந்தப் பறவை ஆர்க்டிக் தூந்திரத்தில் பொரித்து இங்கே வந்தது. எண்ணில் ஒரு இலக்கம் தவறினால் அந்தப் பயணம் முழுவதும் வேறொரு பறவையின் கணக்கில் போய்விடும். செத்த பறவையை வெறுங்கையால் தொடாமல், பையைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். பல பறவைகள் ஒரே நாளில் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.